405 சதுர மீட்டரும் ஒரு பலகை வீடும்

ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேன் நகரின் அனர்லி பகுதியில், 405 சதுர மீட்டர் மனைக்காகத்தான் அந்த இடத்தை வாங்கினோம். மேலே நின்ற மர வீட்டை நானும் மனைவியும் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. தகரக் கூரை, பலகைச் சுவர், முன்னால் ஒரு வராந்தா, அதிலும் பாதியைப் பிற்காலத்தில் யாரோ ஷீட் வைத்து அடைத்திருந்தார்கள். இடித்துவிட்டு இரண்டு மாடி கட்டலாம் என்று கணக்கு. விற்றுக்கொடுத்த ஏஜெண்டும் "தாராளமாகக் கட்டலாம்" என்றார். நாங்களே கவுன்சில் (நகராட்சி) வரைபடத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

கையெழுத்துப் போட்ட பிறகு பார்த்தால், எங்கள் தெரு முழுக்க 'பாரம்பரியக் கட்டடத் தன்மை' வட்டாரத்துக்குள் இருக்கிறது. 1946 அல்லது அதற்கு முன் கட்டிய வீடு என்றால் அனுமதி இல்லாமல் இடிக்க முடியாது.

அது ஏன் 1946? அந்த ஆண்டு நகரத்தை விமானத்திலிருந்து படம் எடுத்திருக்கிறார்கள். படத்தில் கூரை தெரிந்தால் வீடு பழையது. பெரிதாக்கிப் பார்த்தோம். அரிசி மணி அளவுக்கு வெள்ளையாக ஒரு கூரை, பக்கத்தில் கறுப்புப் புள்ளியாக ஒரு மரம். எங்கள் மாமரமாகத்தான் இருக்க வேண்டும் என்று மனைவி சொல்கிறாள்.

வீட்டின் வரலாற்றை ஆராய்ந்து அறிக்கை எழுதும் நிபுணர் ஒருவரை அமர்த்தினோம். இடிக்க அனுமதி கிடைக்க முக்கியமாக மூன்று வழி என்றார். வீட்டில் பழைய தன்மை எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது. அல்லது சரிசெய்யவே முடியாத அளவுக்குக் கட்டடம் பழுதாகியிருக்க வேண்டும். அல்லது தெருவின் அந்தப் பகுதியின் தோற்றத்துக்கு அது எதுவும் சேர்க்காததாக இருக்க வேண்டும். எனக்கு மூன்றாவதில்தான் நம்பிக்கை. இந்த வீட்டைப் பேர்போன கட்டடக் கலைஞர் யாரும் வரையவில்லை, பெரிய மனிதர் யாரும் குடியிருக்கவில்லை. அப்புறம் என்ன மதிப்பு?

மாமியார் ஊரிலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டு, "ஏன் மாப்பிள்ளை, இந்தப் பலகைப் பெட்டிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார். நானும் அதையேதான் நிபுணரிடம் கேட்டேன், கொஞ்சம் மரியாதையாக.

அவர் பதிலாக ஒரு கட்டுக் காகிதத்தை விரித்தார். கழிவுநீர்க் குழாய் போடுவதற்காக அந்தக் காலத்தில் வீடுவீடாக அளந்து வரைந்த வரைபடங்கள் அவை. எங்கள் வீடு, வராந்தா, படி, வேலி எல்லாம் அதில் இருந்தன. கொல்லைக் கோடியில் ஒரு குட்டிச் சதுரம்: கக்கூஸ். நகரின் பெரும்பகுதிக்குக் குழாய் வந்து சேர்ந்தது 1960களில், கிளெம் ஜோன்ஸ் மேயரான பிறகுதான். எங்கள் மனையின் 405 சதுர மீட்டருக்கும் கதை இருந்தது. மனை 16 பெர்ச்சுக்கு (பழைய நில அளவு, சுமார் 405 சதுர மீட்டர்) குறையக் கூடாது என்று 1885இல் சட்டம் போட்டார்கள். அதனால்தான் வரிசை வீடுகள் நெருக்கியடிக்காமல், தொழிலாளிகளுக்கும்கூட சுற்றிலும் காற்றோடு தனி வீடு. சொந்த மனை வைத்திருந்த குறைந்த வருமானக்காரர்களுக்கு 1909 சட்டத்தின்கீழ் அரசே வீடு கட்டக் கடன் கொடுத்தது. அப்படிக் கட்டிய முதல் வீடு, 1910இல் பிரிஸ்பேனின் நண்டா பகுதியில் எழும்பிய ஒரு சாதாரண மர வீடு, இன்று மாநிலப் பாரம்பரியப் பதிவேட்டில் இருக்கிறது.

எங்கள் வீடு அந்தப் பதிவேட்டில் இல்லை. இதுதான் பலரும் குழப்பிக்கொள்ளும் இடம். பாரம்பரியச் சின்னம் என்பது வேறு, 'தன்மை' வீடு என்பது வேறு. எங்களுடையதில் கவுன்சில் பார்ப்பது தெருவிலிருந்து தெரியும் முகத்தை. இரு பக்கமும் அதே கூரைச் சரிவு, அதே வராந்தா. நடுவில் எங்களுடையதை எடுத்தால் பல் விழுந்த மாதிரி இருக்கும். விண்ணப்பம் போட்டால் தோற்போம் என்று நிபுணர் நேராகவே சொல்லிவிட்டார். அவருக்குக் கொடுத்த பணத்துக்கு அந்த ஒரு வாக்கியமே போதும்.

சரி என்று திட்டத்தை மாற்றினோம். முன்பக்க வீட்டை அப்படியே தூக்கி, கீழே அறைகள்; விரிவாக்கம் பின்னால். இங்கே வீட்டைத் தூக்குவது சகஜம். கூரை உச்சி 9.5 மீட்டரைத் தாண்டாமல், கீழே 2.4 மீட்டர் உயரம் கிடைக்கும்படி வரைந்தோம். அடைத்த வராந்தாவைத் திறந்துவிட ஒப்புக்கொண்டோம். அந்த ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததால் உரிமம் உள்ளவர்களை வைத்துத்தான் கழற்ற முடிந்தது. பழைய பெயிண்டில் ஈயம், அதற்குத் தனிச் செலவு. அனுமதி வர நாலு மாதம் ஆயிற்று.

வீட்டை ஜாக்கியில் ஏற்றிய அன்று குனிந்து அடியில் பார்த்தேன். கறையான் கண்ணுக்குத் தெரியாமல் ஏறாமலிருக்க ஒவ்வொரு மரக்காலின் தலையிலும் தகரத் தொப்பி. கால்கள் பாதி இற்றுப்போயிருந்தன. மேலே ஹூப் பைன் மரப் பலகைகள் கெட்டியாக இருந்தன.

வீட்டின் உள்ளே செய்யும் மாற்றத்தை இந்தத் 'தன்மை' விதி தடுக்காது. அதனால் ஒரு தடுப்புச் சுவரை எடுத்தோம். ஒரு பலகையின் பின்பக்கத்தில் பென்சிலில் கூட்டல் கணக்கு, அடியிலும் அங்குலத்திலும். கட்டிய தச்சர் போட்டது. அந்தப் பலகையைத் திருப்பி, எழுத்து வெளியே தெரியும்படி சமையலறையில் அடிக்கச் சொன்னேன். எங்கள் தச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். கூட்டலில் அரை அங்குலம் தப்பு என்றார்.