ஒரே நாளில் மார்ஷல் ஆன மூவர்: பெர்லினில் பார்த்த இரண்டு இடங்கள்

பெர்லினின் கிழக்குப் பக்கம், கார்ல்ஸ்ஹோர்ஸ்ட் ரயில் நிலையத்திலிருந்து அமைதியான குடியிருப்புத் தெருக்கள் வழியே நடந்தால் பழைய ராணுவப் பொறியாளர் பள்ளி ஒன்று வரும். 1945 மே 8 நள்ளிரவு தாண்டி, அதிகாரிகளின் உணவுக்கூடமாக இருந்த இந்தக் கட்டடத்தில்தான் ஜெர்மனியின் சரணாகதிப் பத்திரம் கையெழுத்தானது. இப்போது அது அருங்காட்சியகம். கட்டணம் கிடையாது.

கூடத்தில் வெற்றி பெற்ற நான்கு நாடுகளின் கொடிகள், நீள மேசைகள். அன்று எடுத்த செய்திப் படத்தை அவசியம் பாருங்கள். ஜெர்மன் முப்படைத் தலைமையகத்தின் தலைவர், ஃபீல்டு மார்ஷல் வில்ஹெல்ம் கைட்டல் உள்ளே வருகிறார். மார்ஷல் பதவியின் சின்னமான கோலை உயர்த்தி வணக்கம் வைக்கிறார். ஒற்றைக் கண்ணாடியை மாட்டி, கையுறையைக் கழற்றி, கையெழுத்துப் போடுகிறார். நாடே இடிந்து கிடக்கிறது. மனிதர் கோலை மட்டும் விடவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

அந்தக் கோல் அவருக்குக் கிடைத்த கதை இது. 1940 ஜூலை 19, பிரான்ஸ் வீழ்ந்த சூட்டோடு, ஹிட்லர் பன்னிரண்டு தளபதிகளை ஒரேயடியாக ஃபீல்டு மார்ஷல் ஆக்கினார். அதற்கும் மேலே ரைஷ்மார்ஷல் என்ற பதவி விமானப்படைத் தலைவர் கோரிங் ஒருவருக்கு மட்டும். சம்பளம் போக மார்ஷல்களுக்கு மாதம் 4,000 மார்க், வரியில்லாமல், ரகசியமாகப் போனது. விசுவாசத்துக்கு விலை என்றுதான் நான் அதைச் சொல்வேன்.

அந்தப் பன்னிரண்டு பேரில் எர்வின் ஃபொன் விட்ஸ்லேபனும் ஒருவர். 1938லேயே ஹிட்லரைக் கவிழ்க்கத் திட்டம் போட்டவர். ஹிட்லரைக் குண்டு வைத்துக் கொல்ல நடந்த 1944 ஜூலை 20 சதி வென்றிருந்தால் முப்படைக்கும் அவர்தான் தலைமைத் தளபதி. சதி தோற்றது. உடனே ராணுவத்தின் 'கௌரவ நீதிமன்றம்' கூடி, அவரை விசாரிக்காமலேயே படையிலிருந்து நீக்கியது. ராணுவத்தை விட்டு வெளியே தள்ளினால்தான் நாஜி நீதிபதி ஃப்ரைஸ்லரின் மக்கள் நீதிமன்றத்தில் நிறுத்த முடியும். அந்தக் கௌரவ நீதிமன்றத்துக்குத் தலைமை ஃபீல்டு மார்ஷல் ருண்ட்ஸ்டெட். உறுப்பினர்களில் ஒருவர் கைட்டல். இருவரும் விட்ஸ்லேபனோடு அதே நாளில் மார்ஷல் ஆனவர்கள்!

நகரின் வடமேற்கே பிளோட்சன்சேயில் இருக்கிறது விட்ஸ்லேபனைத் தூக்கிலிட்ட இடம். பக்கத்தில் சிறை இன்றும் இயங்குகிறது. செங்கல் கொட்டகை, வெறும் சுவர், குறுக்கே இரும்பு உத்தரம், அதில் கொக்கிகள். அவ்வளவுதான். நீதிமன்றத்தில் இடுப்புப் பட்டைகூடக் கொடுக்காமல், நழுவும் கால்சட்டையைக் கையால் பிடித்தபடி நிற்கவைத்தார்கள் அந்த அறுபத்திரண்டு வயது மனிதரை. தீர்ப்பு வந்த அன்றே, 1944 ஆகஸ்ட் 8, இங்கே தூக்கு. அதே நாஜி ஆட்சி இங்கே கொன்றவர்கள் மொத்தம் 2,800க்கும் மேல். பெரும்பாலானோர் சாதாரண மக்கள்.

கைட்டல் 1946 அக்டோபரில் நியூரம்பர்கில் தூக்கிலிடப்பட்டார். சிப்பாயாகச் சுட்டுக் கொல்லுங்கள் என்று கேட்டும் கிடைக்கவில்லை. ருண்ட்ஸ்டெட் மீது பிரிட்டன் வழக்குப் போட்டது, ஆனால் உடல்நிலையைக் காட்டி 1949இல் விடுதலையானார். 1953இல் ஹனோவரில் இறந்தார். இது எனக்கு இன்றும் ஆறவில்லை.

பெர்லின் போகிறவர்கள் கார்ல்ஸ்ஹோர்ஸ்டைக் காலையிலும் பிளோட்சன்சேயை மதியத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். நகரின் இரு கோடிகளில் இருப்பதால் பயணத்துக்கே நிறைய நேரம் பிடிக்கும்.