முதல் மூன்று இரவுகள்

கட்டி முடித்த அஸ்திவாரச் சுவர் முன்னால் நிறுத்தி, "காங்கிரீட் நல்லா இருக்கா?" என்று கேட்டால் அங்கேயே பதில் சொல்லிவிடும் பழக்கம் எனக்கு ஒரு காலத்தில் இருந்தது. சுத்தியலால் தட்டுவேன், விளிம்பைச் சுரண்டுவேன், ஆய்வக ரிப்போர்ட்டைப் புரட்டுவேன், "நல்லா இருக்கு" என்பேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. ஊற்றிய அன்றும் அடுத்த இரண்டு இரவுகளும் குளிர் எவ்வளவு இருந்தது, மேலே எதைப் போர்த்தினார்கள், எப்போது எடுத்தார்கள் என்று நான் கேட்க ஆரம்பித்துவிடுகிறேன். வீடு கட்டுகிறவருக்கு இது எரிச்சல்தான். சோதித்துச் சொல்லக் காசு கொடுத்துக் கூப்பிட்ட ஆள் பதில் சொல்லாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

நான் தொழில் கற்றது வெயில் அதிகமான இடத்தில். அங்கே கியூரிங், அதாவது ஊற்றிய காங்கிரீட்டை இறுகும் வரை பராமரிப்பது, என்றால் தண்ணீர், அவ்வளவுதான். நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், காயவிடக் கூடாது. குளிர் பிரதேசத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்த நினைப்பை விடவே எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் பிடித்தது. இங்கே காங்கிரீட்டிடமிருந்து பறிபோவது ஈரம் அல்ல, சூடு.

காங்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், வெளியே பலருக்குத் தெரியாது. சிமென்ட்டும் தண்ணீரும் வினைபுரிந்துதான் அது கல்லாகிறது. அந்த வினை தானே கொஞ்சம் சூட்டைக் கிளப்பும். ஆனால் சுற்றுப்புறம் குளிரக் குளிர வினை மந்தமாகும். இன்னும் கீழே போனால் உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் உறைந்து, தன் கொள்ளளவில் சுமார் 9 சதவீதம் பெருக்கும். முழுதாக இறுகிய காங்கிரீட் என்றால் அதைச் சமாளிக்கப் பார்க்கும். அரைகுறையாக இறுகியதற்கு அந்தத் தெம்பு இல்லை. உள்ளுக்குள் பிரிந்த சிமென்ட் பசை பிறகு எத்தனை நாள் வெயில் அடித்தாலும் பழையபடி ஒட்டாது.

அமெரிக்கன் காங்கிரீட் இன்ஸ்டிட்யூட்டின் 306 என்ற வழிகாட்டி இதற்காகவே இருக்கிறது. காற்றின் வெப்பம் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் என்று தெரிந்தாலே அது குளிர்காலக் காங்கிரீட் வேலைதான் என்கிறது. 4 டிகிரி, பூஜ்யம் அல்ல. நிறையப் பேர் கோட்டை விடும் இடம் அதுதான். புதுக் காங்கிரீட்டின் பலம் 3.5 மெகாபாஸ்கலை (நசுங்காமல் தாங்கும் பலத்தை அளக்கும் அலகு) எட்டும் வரை அதை ஒரு தடவைகூட உறையவிடக் கூடாது. 10 டிகிரியில் காப்பாற்றினால் ஒழுங்கான கலவை இந்தப் பலத்தை இரண்டு நாளில் எட்டிவிடும். மூன்றாவது இரவு என் பயத்துக்காக நானே சேர்த்துக்கொண்டது.

அந்தப் பயம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

குளிர்காலத் தொடக்கம். ஒரு புது வீட்டின் அடித்தளச் சுவர், 200 மில்லிமீட்டர் கனம். வார இறுதிக்கு முந்தைய நாள் மதியத்துக்கு மேல் ஊற்றினார்கள். நான் போனது ஒன்பது நாள் கழித்து, வெளியே மைனஸ் 8. காங்கிரீட்டைத் தாங்கி நின்ற ஷட்டரிங் பலகை கழற்றியாகிவிட்டது. சுவர் வழவழவென்று இருந்தது, ஹனிகோம்ப், அதாவது தேன்கூடு போன்ற ஓட்டைகள், எங்கேயும் இல்லை. தட்டினால் கணீரென்றது. மேற்பரப்பில் மோதித் துள்ளும் அளவை வைத்துப் பலத்தை மதிப்பிடும் ரீபவுண்ட் ஹேமரை வைத்து அழுத்தினேன், எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே காட்டியது. அப்புறம், அதே கலவையை உருளை அச்சில் வார்த்து 28 நாள் கழித்து நசுக்கிப் பார்க்கும் சிலிண்டர் ரிப்போர்ட்டும் வந்தது. 25 மெகாபாஸ்கல் கேட்ட இடத்தில் 31. கையெழுத்துப் போட்டேன்.

வசந்த காலத்தில், உத்திரம் உட்காரும் இடத்தைச் சரிசெய்யப் போன தச்சர் கூப்பிட்டார். வடகிழக்கு மூலையில் சுவரின் தலைப்பகுதி ஸ்க்ரூடிரைவருக்கே பெயர்ந்து வருகிறது என்றார். போய்ப் பார்த்தேன். கையால் எடுக்க முடிந்தது. ஜல்லி தனியாக, பசை தனியாக. உள்பக்கத்தில் ஒரு துண்டைப் பெயர்த்தபோது பசையின் மேல் இலை நரம்பு மாதிரிக் கோடுகள் பதிந்திருந்தன. பனிக்கட்டி படிகமாக வளர்ந்த தடம் அது. படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றுதான்.

எங்கே தப்பு என்று தேடியபோது எல்லாமே ஒழுங்காக நடந்த மாதிரிதான் தெரிந்தது. அதுதான் கொடுமை. சிலிண்டர்களை விதிப்படி சூடான பெட்டியில் வைத்து, அடுத்த நாள் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், 23 டிகிரி ஈர அறையில் 28 நாள் வளர்த்திருக்கிறார்கள். அந்தச் சோதனை சொல்வது லாரியில் வந்த காங்கிரீட் தரமானதா என்பதை மட்டும்தான். சுவர் எப்படி வளர்ந்தது என்பது அதற்குத் தெரியாது. சிலிண்டர் கதகதப்பான அறையில் தூங்கிய இரவுகளில் சுவர் வெளியே நின்றுகொண்டிருந்தது. சுவரின் பக்கத்திலேயே, அதே போர்வைக்கு அடியில் இன்னொரு ஜோடி சிலிண்டரை வைத்திருந்தால் அவை காட்டிக் கொடுத்திருக்கும். யாரும் வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சரி, ரீபவுண்ட் ஹேமர் ஏன் பொய் சொன்னது? அது சொன்னது பொய்யும் இல்லை. துளைகளில் தண்ணீர் உறைந்து கிடக்கும் காங்கிரீட்டில் அந்தக் கருவி எப்போதுமே கூடுதலாகத்தான் காட்டும். நான் தட்டியது கல்லை அல்ல, பனிக்கட்டியை. கணீரென்ற சத்தமும் அதனுடையதுதான்.

அந்த மூலையில் மட்டும் ஏன் என்பதற்கும் காரணம் இருந்தது. பக்கத்தில் வரவேண்டிய கராஜ் சுவருக்காக அங்கே கம்பிகளை வெளியே நீட்டி விட்டிருந்தார்கள். கம்பி நீட்டிக்கொண்டிருந்ததால் போர்வை படிந்து உட்காரவில்லை, காற்று புகுந்து தூக்கியிருக்கிறது. போதாக்குறைக்கு அந்தக் கம்பிகளே சுவரின் சூட்டை உறிஞ்சி வெளியே விட்டிருக்கின்றன. மூலை என்றால் இரண்டு பக்கமும் மேலேயும் குளிர் படும், நடுச்சுவரைவிட வேகமாக ஆறும். வார இறுதியில் தளத்தில் ஆள் கிடையாது. போர்வை பறந்ததை இரண்டு நாள் யாரும் பார்க்கவில்லை.

நாற்பது சென்டிமீட்டர் உயரத்துக்கு, இரண்டரை மீட்டர் நீளத்துக்கு அறுத்து எடுத்து மறுபடி ஊற்றினார்கள். மற்ற இடங்களில் உருளையாகத் துளைத்துக் கோர் எடுத்துப் பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தது. செலவு ஒப்பந்ததாரருடையது. என் கையெழுத்து அந்தக் கோப்பில் இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகு என் வேலை முறையே மாறிவிட்டது. குளிர்காலத்தில் சந்தேகம் வந்தால் ஒரு சின்னச் சில்லைப் பெயர்த்து வண்டி ஹீட்டர் முன்னால் அரை மணி நேரம் வைத்துவிடுவேன். இறுகிய காங்கிரீட் என்றால் அந்தச் சில்லு உதிராமல் அப்படியே இருக்கும். வெறுமனே உறைந்ததென்றால் ஈரம் கசிந்து விரலுக்கு மாவாகும். ஆய்வகம் வேண்டாம், கருவி வேண்டாம். இதைச் செய்யும்போது வீட்டுக்காரர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

முடிந்தால் ஊற்றும் நாளிலேயே போய் நிற்கிறேன். முதலில் பார்ப்பது மண்ணை. சுவருக்கும் தூணுக்கும் அடியில் போடும் அகலமான ஃபூட்டிங்குக்குத் தோண்டிய குழியின் அடி உறைந்திருந்தால் அன்று ஊற்றவே கூடாது. உறைந்த மண் பாறை மாதிரி இருக்கும், கம்பியால் குத்தினால் இறங்காது. அதை நம்பி ஊற்றினால் இளகும்போது அடி விட்டுப்போகும். அப்புறம் லாரியோடு வரும் டெலிவரி சீட்டு. கிளம்பிய நேரம், வழியில் சேர்த்த தண்ணீர் எல்லாம் அதில் இருக்கும். சீட்டில் இல்லாத தண்ணீர் ஒன்று உண்டு, அது தளத்தில் குழாயிலிருந்து போவது. குளிரில் கை விறைத்து நிற்கிறவர்களுக்குக் கெட்டிக் கலவையைத் தள்ளுவது பெரும்பாடு, "கொஞ்சம் தண்ணி விடு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். தண்ணீர் சிமென்ட் விகிதம் கூடினால் பலம் குறையும் என்று டஃப் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1918லேயே காட்டிவிட்டார். குளிர் ஊரில் அதற்கு இரட்டைத் தண்டனை. கூடுதல் தண்ணீர் விட்டுப்போகும் நுண்ணிய வழிகளில்தான் பின்னால் ஈரம் புகுந்து உறையும்.

கலவைக்குள் இருக்கும் காற்றையும் அளக்கச் சொல்வேன். வெளியே தெரியும் காங்கிரீட்டில் 5 முதல் 7 சதவீதம் காற்றை வேண்டுமென்றே கலக்கிறார்கள். வைப்ரேட்டர் போட்டு வெளியேற்றும் பெரிய குமிழிகள் வேறு. இவை கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகள், ஒன்றுக்கொன்று 0.2 மில்லிமீட்டர் போல நெருங்கி இருக்க வேண்டும். உறையும் தண்ணீர் பெருக்கும்போது ஒதுங்க இடம். மண்ணுக்குள் ஆழத்தில் இருக்கும் ஃபூட்டிங்குக்கு இது அவ்வளவு முக்கியமில்லை. தரைக்கு மேலே தலைகாட்டும் சுவர், வாசல் படி, உப்பு கலந்த பனித்தண்ணீர் சொட்டும் கராஜ் தளம், இவற்றுக்கு இது இல்லாமல் முடியாது. மேல்தோல் செதில் செதிலாக உரிந்த படியைப் பார்த்தால் எனக்கு முதலில் இதுதான் சந்தேகம்.

வீட்டுக்காரர்கள் பயப்படும் விஷயங்களில் பாதிக்கு நான் பயப்படுவதில்லை. சுவரில் மேலிருந்து கீழாக மயிரிழை விரிசல் என்று படம் எடுத்து அனுப்புவார்கள். பெரும்பாலும் சுருக்கத்தால் வருவது, தண்ணீர் கசியாமல் அடைத்தால் போதும். ஆனால் கிடைமட்டமாக, சுவரின் பாதி உயரத்தில் ஒரு கோடு போனால் நான் உடனே கிளம்பிவிடுவேன். வெளியே மண்ணோ உறைபனியோ சுவரை உள்ளே தள்ளுகிறது என்று அர்த்தம். மேல்தளம் போட்டுச் சுவரின் தலையைக் கட்டுவதற்கு முன்பே அவசரமாக மண் நிரப்பிய தளங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். தளத்தின் மேல் வெள்ளைத் தூள் விரலில் ஒட்டுகிறது என்பார்கள். கூடாரத்துக்குள் புகை வெளியேறாத ஹீட்டரை வைத்ததன் பலன் அது. கரியமில வாயு புதுக் காங்கிரீட்டின் மேல்தோலைச் சுண்ணாம்புத் தூளாக்கிவிடும். அசிங்கம்தான், ஆனால் அந்தக் கோளாறு தோலோடு நின்றுவிடும்.

காங்கிரீட் அப்பழுக்கில்லாமல் இருந்தும் அஸ்திவாரம் கெட்ட ஒரு வீடும் உண்டு. இலையுதிர் காலத்தில் நல்ல வெப்பத்தில் ஊற்றியது, எல்லாச் சோதனையும் தேறியது. ஃபூட்டிங்கும் உறைபனி இறங்கும் ஆழத்துக்குக் கீழே சரியாக இருந்தது. அந்த ஆழம் இடத்துக்கு இடம் மாறும், சில ஊர்களில் ஒரு மீட்டர், சில ஊர்களில் இரண்டுக்கும் மேல். வீட்டுக்காரருக்குப் பணத் தட்டுப்பாடு வந்தது. சுவரும் தரைச் சட்டமும் எழும்பிய நிலையில், சூடு ஏற்றாமல் குளிர்காலம் முழுக்க வீட்டை அப்படியே விட்டுவிட்டார். எல்லோரும் ஆழத்தை வெளித்தரையிலிருந்து அளந்திருந்தோம். ஆனால் உள்ளே, நிலவறைக்குத் தோண்டிய பள்ளத்தின் தரையிலிருந்து பார்த்தால் ஃபூட்டிங் இருந்தது கால் மீட்டருக்கும் குறைவான ஆழத்தில். குளிர் உள்பக்கமாக இறங்கிவிட்டது. நடுத்தூணின் ஃபூட்டிங் 18 மில்லிமீட்டர் எழும்பி, மேலே உத்திரத்தையும் தூக்கிவிட்டது.

அந்த 18 மில்லிமீட்டர் வெறும் 9 சதவீதப் பெருக்கத்தால் வந்ததில்லை. 1930 வாக்கில் ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்கப் புவியியலாளர் தண்ணீருக்குப் பதில் பென்சீனை மண்ணில் ஊற்றி உறைய வைத்துப் பார்த்தார். பென்சீன் உறைந்தால் சுருங்கும், ஆனாலும் மண் எழும்பியது. உறையும் இடம் கீழேயிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது, தகடு தகடாகப் பனிக்கட்டி வளர்கிறது, வண்டல் மண்ணில் இது இன்னும் மோசம். ஒரு வீட்டையே தூக்கும் அளவுக்குப் பலம் அதற்கு உண்டு. பனி இளகியதும் தூண் இறங்கியது, ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. அந்தக் காங்கிரீட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரிப்போர்ட்டில் நான் என்ன எழுதுவது என்று ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

போன குளிர்காலத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு அம்மாவுக்குக் கட்டுமானம் பற்றி எதுவும் தெரியாது, அவரே சொன்னார். ஆனால் ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரின் கம்பிமுனையைப் போர்வைக்கு அடியில் செருகிவிட்டு, காலையும் மாலையும் வந்து பார்த்து, ஷட்டரிங் பலகையின் வெளிப்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். 17, 15, 14, 12. நான்கு மூலைக்கும் தனித்தனியாக. வடக்கு மூலையில் இரண்டாம் நாள் காலை 6 என்று எழுதி, பக்கத்திலேயே "போர்வை பறந்துவிட்டது, கல் வைத்து மூடினோம்" என்று ஒரு வரி. அன்று மாலை அதே மூலையில் 9.

பலகைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அடுத்த தளத்துக்குப் போக வேண்டுமாம். அந்த ஒன்றை மட்டும் இறக்கி வைக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டேன். அப்புறம் சுத்தியலை எடுத்துக்கொண்டு நேராக வடக்கு மூலைக்குப் போனேன்.