காது குறும்பி எடுக்கப் போறீங்களா? அந்த சத்தத்துக்கு மட்டும் ரெடியா இருங்க

ஈஎன்டி டாக்டர்கிட்ட காது அழுக்கு எடுக்கப் போகணும்னாலே நிறைய பேருக்கு ஒரு பயம் இருக்கு, வலிக்குமோ, ஜவ்வு கிழிஞ்சிடுமோ, கம்பிய விட்டு நோண்டுவாங்களோன்னு. எனக்கும் இருந்துச்சு. போய்ட்டு வந்து சொல்றேன், வலியெல்லாம் பெருசா இல்லைங்க, சத்தம்தான்! இதை யாருமே முன்னாடி சொல்ல மாட்டேங்கிறாங்க.

மொதல்ல லைட் வெச்ச ஓட்டோஸ்கோப்ல உள்ள பாப்பாங்க, அப்போ காது மடலை லேசா மேலயும் பின்னாடியும் இழுப்பாங்க, காதுக்குழாய் கொஞ்சம் வளைஞ்சிருக்கும்ல, இழுத்தாதான் ஜவ்வு வரைக்கும் தெரியும். பெரியவங்களுக்கே மொத்த குழாயும் சுமார் 2.5 செ.மீ. நீளம்தான். குறும்பி ஊறறது அதுல வெளிப்பக்கம் மட்டும்தான், பொதுவா தானாவே நகர்ந்து வெளிய வந்துடும், நாம பட்ஸ், ஹேர்பின்னு எதையாவது விட்டு குடையறப்போதான் உள்ள தள்ளிட்டுப் போய் அடைச்சு வெச்சுடறோம். காது மெஷின் போடறவங்களுக்கும் அடிக்கடி அடைக்கும், அது அவங்க தப்பு இல்ல.

பார்த்த உடனே எடுத்துடுவாங்கன்னு நினைக்காதீங்க. ரொம்ப இறுகியிருந்தா சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து சில நாள் விட்டுட்டு வரச் சொல்வாங்க. அந்த நாட்கள்ல குறும்பி ஊறி உப்பிடறதால காது முன்னைவிட இன்னும் அடைச்ச மாதிரி இருக்கும், மருந்து வேலை செய்யலயோன்னு பாதியில விட்டுடாதீங்க, நல்லா ஊறினா எடுக்கறது அவ்வளவு ஈஸி. இந்த ஸ்டெப்பைத் தாண்டி இன்னைக்கே எடுத்துவிடுங்கன்னு டாக்டர்கிட்ட அடம் பிடிக்கறது எனக்கு சரியாப் படல.

அவங்க கேக்கலைன்னாலும் நாமளா சொல்ல வேண்டிய விஷயம் சிலது இருக்கு. முன்னாடி ஜவ்வுல ஓட்டை இருந்துச்சா, காதுல ஆபரேஷன் பண்ணிருக்கா, சீழ் வடிஞ்சுதா, சுகர் இருக்கா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்களா, இதெல்லாம். ஜவ்வுல ஓட்டை இருக்கற காதைத் தண்ணி பீய்ச்சிக் கழுவக்கூடாது, தண்ணி நடுக்காதுக்குப் போயி இன்ஃபெக்‌ஷன் ஆயிடும்.

எடுக்கறது மூணு விதம். கொக்கி, வளையம் மாதிரி சின்ன கருவியால நேரடியா எடுக்கறது ஒண்ணு, இதுல தலைய ஆட்டாம இருந்தா போதும். தண்ணி அடிச்சுக் கழுவறது இன்னொண்ணு, அந்தத் தண்ணி உடம்பு சூட்டுக்கு, அதாவது 37 டிகிரி பக்கத்துல இருக்கணும், ரொம்ப குளிர்ந்தோ சூடாவோ இருந்தா உள்காதுல பேலன்ஸ் பாக்கற பகுதி குழம்பிப் போயி அறையே சுத்தற மாதிரி ஆயிடும், அப்படி ஆனா உடனே சொல்லிடுங்க.

மூணாவதுதான் சக்‌ஷன். மைக்ராஸ்கோப் வழியா பாத்துக்கிட்டே மெல்லிசான குழாயால உறிஞ்சி எடுப்பாங்க, தண்ணியே கிடையாது, என்ன பண்றோம்னு டாக்டருக்கு கண்ணுக்கு நேரா தெரியும், அதனால எனக்கு இதுமேலதான் நம்பிக்கை. ஆனா காதுக்குள்ளயே யாரோ வாக்குவம் கிளீனர் ஓட்டற மாதிரி ஒரு இரைச்சல் வரும் பாருங்க, சிலருக்கு தலையும் லேசா சுத்தும். நடுநடுவே பெரிய பிசிர் ஒண்ணு மாட்டி சர்ருனு ஒரு சத்தம், அதுல தோள் தானா தூக்கும். கை தூக்கினா நிறுத்தணும்னு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசி வெச்சுக்கோங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. ஒரு காதுக்கு பெரும்பாலும் சில நிமிஷம்தான்.

நடுவுல திடீர்னு இருமல் வந்தாலும் பயப்படாதீங்க, தொண்டைக்குப் போற வேகஸ் நரம்போட ஒரு கிளை காதுக்குழாய் வரைக்கும் வருது, அங்க தொட்டா சிலருக்கு தொண்டை கரகரங்கும். (காதைத் தொட்டா இருமல் வரும்னு சொன்னா வீட்ல நம்ப மாட்டேன்னுட்டாங்க.) லேசா உறுத்தறது, அழுத்தறது சகஜம், சுருக்குனு வலிச்சா அது சகஜம் இல்ல, அப்பவே நிறுத்தச் சொல்லுங்க.

முடிஞ்சதும் எல்லா சத்தமும் கொஞ்ச நேரம் ஓவரா கேக்கும், நம்ம செருப்பு சத்தமே நமக்கு எரிச்சலா இருக்கும், அப்புறம் பழகிடும். சில நாள் காதுக்குள்ள தண்ணி போகாம பாத்துக்கோங்க. வலி அதிகமாச்சு, சீழோ ரத்தமோ வருதுன்னா திரும்பப் போய் காட்டுங்க. இந்த இயர் கேண்டில்னு, காதுல வெச்சு கொளுத்தற மெழுகுக் குழாய் ஒண்ணு விக்கறாங்களே, அது பக்கமே போகாதீங்க, அழுக்கு வராது, மெழுகு ஒழுகி காது சுட்டதுதான் மிச்சம்.

இன்னொண்ணு, அழுக்கு எடுத்தும் காது சரியா கேக்கலன்னா எவ்வளவு கேக்குதுன்னு பாக்கற ஆடியோகிராம் டெஸ்ட் எடுக்கச் சொல்வாங்க, எடுத்துடுங்க. ஒரு நாள் திடீர்னு ஒரு காது மட்டும் கேக்காமப் போச்சுன்னா மட்டும் குறும்பியாத்தான் இருக்கும்னு சொட்டு மருந்து விட்டுட்டு உக்காந்திருக்காதீங்க, அது உள்காது பிரச்சனையா இருந்தா ஸ்டீராய்டு மருந்து எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கறாங்களோ அவ்வளவு நல்லது, அன்னைக்கே கிளம்பிப் போயிடுங்க.