அம்மாவின் ரிப்போர்ட்டில் ஒரு வரி

சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இலவசமாகத் தரும் மலப் பரிசோதனைக் கிட்டை அம்மாவுக்கு வாங்கி வந்தது நான்தான். இரண்டு நாள் மாதிரி எடுத்து அனுப்ப வேண்டும், அவ்வளவே. "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று முகம் சுளித்துக்கொண்டு செருப்பு அலமாரியில் போட்டுவிட்டார். ஆறு மாதம் அங்கேயே கிடந்தது. தினமும் செருப்பை எடுக்கும்போது நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு எம்ஆர்டி ரயில் நிலையம் வரை நடப்பதற்குள் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் கிட் வெளியே வந்தது. மலத்தில் ரத்தம் இருந்தது, ரத்தசோகையும் இருந்தது. குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி, ஸ்கேன், ஆப்பரேஷன் என்று எல்லாம் மளமளவென்று முடிந்தன. அம்மாவுக்கு 72 வயது. பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்றுநோய்க் கட்டி. அந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதைவிட, கொலோனோஸ்கோப்பிக்கு முந்தின நாள் குடிக்கவைத்த பேதி மருந்தைத்தான் அம்மா இன்றுவரை திட்டுகிறார்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது பிறகு வந்த ரிப்போர்ட். எம்எல்எச்1, பிஎம்எஸ்2 என்ற இரண்டு புரதங்களும் கட்டியில் இல்லை. செல் பிரியும்போது டிஎன்ஏ நகலில் விழும் எழுத்துப்பிழைகளைத் திருத்துகிற ஜோடி இது. எம்எல்எச்1 போனால் பிஎம்எஸ்2ம் தாக்குப்பிடிக்காது. டாக்டர் திரையில் படத்தைக் காட்டினார். சாயம் ஏறிய நல்ல திசு பழுப்பாக இருந்தது. கட்டி மட்டும் வெளிறிய நீலம்.

"பரம்பரையாகவும் இருக்கலாம்" என்றார். லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற, குடும்பத்தில் வழிவழியாக வந்து புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் மரபணுக் கோளாறு. அப்படியானால் எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கு 50 விழுக்காடு வாய்ப்பு. அடுத்த சோதனை முடிவுக்கு மூன்று வாரம். தம்பி அன்றைக்கே, "அக்கா, இன்ஷூரன்ஸ்காரன் கேட்டா?" என்றான். மரபணுச் சோதனை செய்துகொள்ளும்படி காப்பீட்டு நிறுவனங்கள் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற ஏற்பாடு இங்கே 2021லிருந்து இருக்கிறது என்று தேடிப்பிடித்துச் சொன்னேன். அம்மாவோ மன்னார்குடிச் சொந்தங்கள் வரைக்கும் போய், செத்தவர் இருப்பவர் எல்லோரையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "எங்க வழியில யாருக்கும் இல்லையே!"

முடிவு வந்தது. எம்எல்எச்1 மரபணுவின் எழுத்துகளில் கோளாறு எதுவும் இல்லை. அதன் தொடக்கத்தில் மீத்தைல் என்ற சின்னஞ்சிறு வேதிக்குறிகள் அப்பிக்கொண்டு, செல் அதைப் படிக்க முடியாமல் அடைத்துவிட்டன. டாக்டர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்ல வேண்டும். மீத்தைலை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

"கடை இருக்கும்மா. சாமானெல்லாம் உள்ளதான் இருக்கு. ஷட்டர மட்டும் இறக்கிட்டாங்க."

"ஏன், வாடகை கட்டலையா? யாரு இறக்குனா?"

அதையும் மொழிபெயர்த்தேன். டாக்டர் சிரித்துவிட்டார். வயதாக ஆகக் குடலில் சிலருக்கு இப்படி நடக்குமாம். கூடவே பிராஃப் மரபணுவில் வி600இ என்ற மாற்றமும் இருந்தது. 'வளர், வளர்' என்ற உத்தரவை நிறுத்தவிடாமல் செய்கிற மாற்றம் அது. இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் லிஞ்சாக இருக்க அநேகமாக வாய்ப்பில்லை. கட்டிக்குள் நடந்தது கட்டியோடு போயிற்று. "அப்ப புள்ளைங்களுக்கு நான் எதுவும் குடுக்கல" என்றார் அம்மா. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

இன்னொன்றும் அன்று புரிந்தது. திருத்துகிற கடை மூடியதால் கட்டியில் பிழைகள் ஆயிரக்கணக்கில் குவிந்திருந்தன. பிழை கூடக் கூடக் கட்டி உடம்புக்கு அந்நியமாகத் தெரிகிறது, நோய் எதிர்ப்பு செல்கள் போய் மொய்க்கின்றன. அதனால், அம்மாவுக்கு இருந்ததுபோல் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாத இரண்டாம் கட்டத்தில் இந்த வகை மற்றவற்றைவிடப் பரவுவது குறைவு. எடுத்துப் பார்த்த 19 நிணநீர்க் கணுக்களில் ஒன்றில்கூடப் புற்றுநோய் இல்லை. வழக்கமான கீமோவால் இந்தக் கட்டத்தில் பெரிய பலன் இருக்காது என்பதால் அதுவும் வேண்டாம் என்றார்கள். பின்னால் பரவினால், பிராஃப் மாற்றம் தொல்லை தரும். ஆனால் பெம்புரோலிசுமாப் போன்ற, உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மருந்துகள் நன்றாக வேலை செய்வதும் இந்த வகையில்தான்.

பரம்பரை இல்லை என்றாலும் பிள்ளைகள் பார்த்துக்கொள்வது நல்லது என்றார்கள். போன மாதம் இருவரும் கொலோனோஸ்கோப்பிக்குப் போனோம். எனக்கு ஒன்றுமில்லை. தம்பிக்குக் குடல் சுவரில் பாலிப் என்ற ஒரு சின்ன சதை வளர்ச்சி, அங்கேயே வெட்டி எடுத்துவிட்டார்கள். பேதி மருந்தைப் பற்றி அம்மா சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை.