படிக்கட்டு விளக்கும் விண்மீனும்

ஜெர்மன் மொழியில் நான் முதன்முதலாக அஞ்சிய சொல் 'எர்ஷைனன்'. கணவரோடு சேர்ந்து வாழ்வதற்காக 2014 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் கோல்ன் நகருக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. வதிவிட அனுமதி தொடர்பாக ஓர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில், குறித்த நாளில், குறித்த நேரத்தில், கடவுச்சீட்டோடு நான் நேரில் 'எர்ஷைனன்' ஆக வேண்டும் என்று எழுதியிருந்தது. அகராதியைப் புரட்டினால் 'தோன்றுதல், காட்சியளித்தல்' என்று கிடந்தது. ஓர் எழுதுவினைஞரின் மேசைக்கு முன்னால் நான் எவ்வாறு காட்சியளிப்பது என்று கணவரிடம் கேட்டேன். எண் போட்ட துண்டை எடுத்துக்கொண்டு வரிசையில் காத்திருப்பதற்குத்தான் இந்த நாட்டில் அந்தப் பெயர் என்றார்.

மார்கழி முடியும் தறுவாயில், பங்குக் கோவிலின் வாசலில் அடுக்கி வைத்திருந்த அறிவித்தல் தாளிலும் அந்தச் சொல் இருந்தது. ஜனவரி 6, 'எர்ஷைனுங் டெஸ் ஹெர்ன்', ஆண்டவரின் தோன்றுதல். நாம் திருக்காட்சிப் பெருவிழா என்றும், ஊரில் முதியவர்கள் மூவிராசாக்கள் திருநாள் என்றும் சொல்வது இதைத்தான் என்று விளங்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அலுவலகக் கடிதத்தில் வெளிநாட்டவர் தோன்ற வேண்டும், அதிகாரி பார்ப்பார். இந்தத் திருநாளிலோ தோன்றுபவர் இறைவன். விண்மீனைப் பின்பற்றித் தொலைவிலிருந்து நடந்து வந்து குழந்தை இயேசுவைப் பார்ப்பவர்கள், அந்த மூவிராசாக்கள், வெளிநாட்டவர்கள்.

மொழி வகுப்பில் ஆசிரியை ஒருநாள் அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டினார். உள்ளே இருப்பது 'ஷைனன்', ஒளிர்தல். அதிலிருந்து வருவது 'ஷைன்'. அதற்கு ஒளி என்றும் பொருள், எழுத்திலான சான்று என்றும் பொருள். ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் 'ஃப்யூரர்ஷைன்', பணத்தாள் 'கெல்ட்ஷைன்'. புதிதாக வந்த எவருக்கும் இரண்டாவது பொருள்தான் முதலில் கிடைக்கிறது. அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் ஒரு தாளைக் கொடுத்து இன்னொரு தாளைப் பெறுவதற்காகவே வெளியே போய்வந்தேன். சொல்லின் மற்ற முகத்தைக் காட்டியது ஜனவரி மாதத்து இருட்டு. கோல்னில் அந்நாட்களில் சூரியன் காலை எட்டரை மணியளவில்தான் எழுகிறது, மாலை ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது. இடைப்பட்ட பகலும் பெரும்பாலும் ஈயத் தகடுபோல் கிடக்கிறது. வெளிச்சம் ஒருபோதும் குறைவாக இருந்திராத இடத்தில் வளர்ந்தவளுக்கு, திருநாளின் முதல் வாசகமான எசாயாவின் 60 ஆம் அதிகாரம் 'எழு, ஒளிவீசு' என்று தொடங்குவது அழகான முழக்கமாக மட்டுமே கேட்டிருந்தது. பூவுலகை இருள் மூடும் என்று அதற்கு அடுத்தே ஒரு வரி இருப்பதை இங்கே வந்த பிறகுதான் கவனித்துக் கேட்டேன்.

அந்த முதல் ஜனவரியில் எங்கள் வீட்டுக்கு வந்த அரசர்களை நான் திருப்பி அனுப்பிவிட்டேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு சனிக்கிழமை பின்னேரம் தொடர்மாடியின் அழைப்புமணி ஒலித்தது. கதவுத் துளை வழியே பார்த்தால், கடதாசி மட்டையில் செய்த முடி தரித்த மூன்று சிறுவர்கள், ஒரு கழியின் நுனியில் பொன்னிறத் தாள் ஒட்டிய விண்மீன், ஓர் உண்டியல். கணவர் வேலைக்குப் போயிருந்தார், எனக்கு மொழி வராது. மூச்சை அடக்கிக்கொண்டு கதவின் இந்தப் பக்கம் நின்றேன். பிற்பாடு, முப்பது ஆண்டுகளாக இங்கே வாழும் அக்கா ஒருவரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "ஐயோ பிள்ளை, கதவைத் திறந்திருக்கலாமே, அவை ராசாக்கள் எல்லே!" என்று அங்கலாய்த்தார். 'ஸ்டெர்ன்சிங்கர்' எனப்படும் இந்த விண்மீன் பாடகர்களின் வழக்கம் பழையது. பல நாடுகளிலும் வாழும் சிறுவர்களுக்காக நிதி திரட்டும் இயக்கமாக 1959 முதல் நாடு முழுவதும் நடைபெறுகிறது. பட்டணங்களில் அவர்கள் எல்லாக் கதவுகளையும் தட்டுவதில்லை என்றும், பங்குக் கோவிலில் பெயர் கொடுத்தால் தவறாமல் வருவார்கள் என்றும் அக்கா சொல்லித் தந்தார். எங்கள் மாடிக்கு அவர்களை அந்த ஆண்டு யார் அனுப்பினார்கள் என்பது இன்றுவரை புதிர்.

ஜனவரி 6 செவ்வாய்க்கிழமையாக இருந்தது. பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் சாக்சன்-அன்ஹால்ட்டிலும் அது அரசு விடுமுறை. மூவிராசாக்களின் எலும்புகள் இருப்பதாகப் போற்றப்படும் கோல்னில் விடுமுறை இல்லை. இந்த முரணை எனக்கு எவராலும் விளங்க வைக்க முடியவில்லை. கணவர் அரை நாள் விடுப்பு எடுத்துவர, பேராலயத்துக்குப் போனோம். பேராயர் ரைனால்ட் ஃபொன் டாசல் 1164 ஆம் ஆண்டு மிலான் நகரிலிருந்து அந்தத் திருப்பண்டங்களைக் கொண்டுவந்தார். அவற்றுக்காகப் பொற்பேழை செய்யப்பட்டது. பேழையைத் தேடிவந்த திருப்பயணிகளுக்கு ஏற்ற பெருங்கோவிலாக 1248 இல் அடிக்கல் நாட்டப்பட்ட பேராலயம் 1880 இல்தான் நிறைவடைந்தது. கூரையின் நடுவே உயரும் சிறு கோபுரத்தின் உச்சியில் சிலுவை இல்லை, விண்மீன் இருக்கிறது. நகரத்தின் சின்னத்திலும் மூன்று முடிகள்.

பேழையின் முகப்பில் மூன்று அரசர்களுக்குப் பின்னால் நான்காவதாக ஒருவர் நிற்கிறார். அவர் நான்காம் ஓட்டோ மன்னர், பேழைக்குப் பொன் கொடுத்தவர். ஊர்க்கோவிலில் ஒளி வெளியே வராத அளவுக்குப் பெரிய எழுத்தில் 'உபயம்' என்று எழுதிய குழல்விளக்குகளைப் பார்த்துப் பழகிய எனக்கு, அவரோடு உடனே ஓர் அறிமுகம் ஏற்பட்டுவிட்டது.

திருநாளன்று பேழையின் முகப்பிலுள்ள தகட்டைக் கழற்றிவிடுகிறார்கள். பொன்னும் மணியும் சூழ்ந்த அந்த இடைவெளியில் ஏதேனும் சுடர்விடும் என்று எண்ணிக்கொண்டு வரிசையில் நகர்ந்தேன். கம்பிகளுக்குப் பின்னால் இருந்தவை மண்டையோடுகள். சுற்றிலும் இவ்வளவு ஒளி, நடுவில் எலும்பின் மங்கல் நிறம். அவை மெய்யாகவே அந்த ஞானிகளுடையவையா என்ற கேள்வி எனக்கு அப்போது எழவில்லை. நெடுந்தூரம் நடந்து வந்தவர்கள் என்று நம்பப்படுகிறவர்கள் இறுதியில் வந்து சேர்ந்திருப்பது பிறந்த இடமும் அல்ல, பயணம் போன இடமும் அல்ல, மூன்றாவதாக ஓர் ஊர் என்பதே மனத்தில் நின்றது.

அன்றிரவு மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைத் திருப்பி வாசித்தேன். வந்தவர்கள் மூவர் என்று மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை, அரசர்கள் என்றும் சொல்லவில்லை. கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கைகள் மூன்று இருந்ததால் மூவராயினர். அரசர்கள் வந்து பணிவார்கள் என்று பாடும் எசாயாவையும் 72 ஆம் திருப்பாடலையும் இதனோடு சேர்த்து வாசித்ததால் அரசராயினர். ஆனால் என்னை நிறுத்தியது வேறோர் இடம். விண்மீனைப் பின்பற்றிப் புறப்பட்டவர்கள் எருசலேமில் வழி கேட்கிறார்கள். விண்மீன் போதுமென்றால் கேட்டிருக்கவே வேண்டாம்; அதுவும் போய்க் கேட்ட இடம், கேட்கக் கூடாத இடமாகிய, குழந்தையைக் கொல்லத் தேடிய ஏரோது மன்னனின் அரண்மனையின் செவிக்கு எட்டும் இடம். மறைநூல் அறிஞர்கள் மீக்காவின் இறைவாக்கைப் பார்த்து, பெத்லகேம் என்று தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள். சுமார் ஒன்பது கிலோமீட்டர் தெற்கே இருக்கும் அந்த ஊருக்கு அவர்களில் ஒருவராவது புறப்பட்டதாக மத்தேயு எழுதவில்லை. தாள் கையில் இருந்தவர்களுக்கு ஒளி வேண்டியிருக்கவில்லை. ஒளியைக் கண்டவர்களோ அந்தத் தாளில் இருந்த ஊர்ப்பெயர் இல்லாமல் மேற்கொண்டு நடக்க முடியவில்லை. 'ஷைன்' என்ற சொல்லின் இரு பொருளும் இப்படி ஒரே கதைக்குள் வந்து உட்கார்ந்திருந்ததை ஆசிரியையிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் அதைச் சொல்லும் அளவுக்கு எனக்கு அப்போது ஜெர்மன் தெரியாது. வெளியே வந்த பிறகே விண்மீன் மறுபடி தென்படுகிறது, அப்போதுதான் அவர்கள் பெருமகிழ்ச்சி அடைந்தார்கள் என்கிறது நற்செய்தி. முதன்முறை அதைக் கண்டபோது மகிழ்ந்ததாக ஒரு சொல்லும் இல்லை.

அடுத்த ஆண்டு நத்தாருக்கு முன்பே பங்குக் கோவிலில் பெயர் கொடுத்தேன். 2016 ஜனவரி 3, ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வந்தார்கள். இம்முறை கதவை முதலிலேயே திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். இந்த நாட்டுத் தொடர்மாடிகளில் படிக்கட்டு விளக்கு சில நிமிடங்களில் தானாகவே அணைந்துவிடும். பாடலின் இரண்டாம் அடியில் அது அணைந்தது. பிள்ளைகள் பாட்டை நிறுத்தவில்லை. கழியின் நுனியில் இருந்த விண்மீனுக்குள் பட்டரியில் எரியும் சிறு மின்குமிழ் ஒன்று இருந்தது. விளக்கு எரிந்தவரை அப்படி ஒன்று இருப்பதையே நான் பார்க்கவில்லை. அவர்களில் சிறியவன் எங்கள் சமையலறை முக்காலியில் ஏறி, கணவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, அந்த வெளிச்சத்திலேயே ஆசீர்வதிக்கப்பட்ட வெண்கட்டியால் நிலைக்குமேல் எழுதினான்: 20*சி+எம்+பி+16. 'கிறிஸ்து இவ்வில்லத்தை ஆசீர்வதிப்பாராக' என்பதன் இலத்தீன் முதலெழுத்துகள் அவை. மூன்று அரசர்களின் பெயர்களுக்கும் அவையே முதலெழுத்துகள் என்பாரும் உண்டு. இருபதுக்குப் பக்கத்தில் இருக்கும் உடுக்குறிதான் விண்மீன் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவனும் அவன்தான்.

யாரோ சுவரைத் தடவி ஆளியைப் போட்டார்கள். எழுத்துகள் வலப்பக்கம் சரிந்து ஏறியிருந்தன. உண்டியலில் காசு போட்டேன்; நன்றி சொல்லிவிட்டு, மடித்த தாளொன்றை விரித்து, அடுத்து எந்த மாடி என்று பார்த்தார்கள். அதில் எங்கள் பெயர் ஓரெழுத்துப் பிழையோடு இருந்தது. கதவை மூடாமல் நின்றேன். அவர்கள் இரண்டாம் மாடியைத் தாண்டும்போது விளக்கு மறுபடி அணைந்தது.