கல்லடி மணலில் குளிர்நாட்டுத் திராட்சை

பனிக்குளிரைத் தாங்குவதற்கென்றே பெயர்பெற்ற திராட்சை இனமொன்றை, வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவதே அரிதான மட்டக்களப்பில் நட்டுப் பார்ப்பது வீண்வேலை என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ரொறன்ரோவில் அக்காவின் வீட்டு வேலியில் படர்ந்திருக்கும் கொன்கோர்ட் கொடியைப் படங்களில் பார்த்துப் பார்த்தே எனக்கு அந்த ஆசை பிடித்திருந்தது. −20 பாகைக்குக் கீழான குளிரிலும் வெறுந்தடியாக நின்று பிழைத்து, கோடை முடியும் தறுவாயில் கருநீலக் குலைகளைத் தரும் கொடி அது. “வரக்குள்ள ஒரு தடி வெட்டிக் கொண்டரவா தம்பி?” என்று அக்கா கேட்டபோது வேண்டாம் என்றேன். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் நடுகைப் பொருளை நாட்டுக்குள் கொண்டுவர முடியாது என்பது ஒரு காரணம். வந்து சேர்ந்தாலும் அது இங்கே காய்க்குமா என்ற ஐயம் அதைவிடப் பெரிய காரணம்.

அந்த ஐயத்துக்கு அடிப்படை உண்டு. வட அமெரிக்க ஆற்றங்கரைகளில் வளரும் விற்றிஸ் ரிப்பேரியா என்ற காட்டுத்திராட்சை −40 பாகையை அண்டிய குளிரையும் தாங்கக்கூடியது. அதனோடு கலந்து உருவாக்கிய ஃபுரொன்டனாக் என்ற இனத்தை மினசோட்டாப் பல்கலைக்கழகம் 1996 இல் வெளியிட்டது. அந்தக் காட்டுக்கொடி, பகல் 13 மணித்தியாலம் அளவுக்குச் சுருங்கியவுடனேயே குளிர்காலம் வருகிறதென்று கணித்துக்கொண்டு, நுனி வளர்ச்சியை நிறுத்தி மொட்டுகளை உறக்கத்துக்கு அனுப்பிவிடும். மட்டக்களப்பின் மிக நீண்ட பகலே ஏறத்தாழ 12 மணித்தியாலம் 35 நிமிடந்தான். ஆகவே இங்கே அது ஆண்டு முழுவதும் உறங்கப் பார்க்கும். உறங்கிய மொட்டு ஒழுங்காக விழிப்பதற்கோ 0 முதல் 7 பாகை வரையான குளிரில் பல நூறு மணித்தியாலங்கள் கழிய வேண்டும். உறங்கச் சொல்வதற்கு நம்மிடம் பகல் இருக்கிறது, எழுப்புவதற்குக் குளிர் இல்லை.

எனவே குளிர்நாட்டு வம்சமாகவும் இருக்க வேண்டும், வெப்பநாட்டில் பழகியதாகவும் இருக்க வேண்டும் என்று தேடியதில் பெங்களூர் புளூ என்ற பெயரில் நாற்றுமேடைகளில் விற்கப்படும் கொடியில் வந்து நின்றேன். பெங்களூரைச் சூழவுள்ள மாவட்டங்களில் நெடுங்காலமாகப் பயிராகிவரும் இது, அமெரிக்காவின் இசபெல்லா இனமே என்றும் அதன் நெருங்கிய உறவு என்றும் கருதப்படுகிறது. இசபெல்லா, வட அமெரிக்கக் காட்டுத்திராட்சையான விற்றிஸ் லப்ரஸ்காவும் ஐரோப்பியத் திராட்சையும் இயற்கையாகக் கலந்து பிறந்தது. 1816 அளவில் நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் நாற்றுமேடை வைத்திருந்த வில்லியம் பிரின்ஸ் அதைப் பரப்பினார். அமெரிக்காவின் கடுங்குளிரிலும் அது பிழைக்கிறது, நிலநடுக்கோட்டுக்கு அருகே கொலம்பியாவின் காவுகா பள்ளத்தாக்கிலும் காய்க்கிறது. இவ்வளவு இடங்கொடுக்கும் குணம் வேறெந்தக் குளிர்நாட்டு இனத்திலும் எனக்குத் தென்படவில்லை.

நாற்றுமேடையில் எழுதிக் கட்டியிருக்கும் பெயர்த்துண்டை நம்பி வாங்க நான் ஆயத்தமாக இருக்கவில்லை. லப்ரஸ்காவின் கலப்பை இலையிலேயே பார்த்துவிடலாம். முற்றிய இலையைப் புரட்டினால் அடிப்புறம் வெண்மையும் மங்கிய பழுப்பும் கலந்த மென்மயிரால் மூடியிருக்கும்; நகத்தால் சுரண்டினால் அந்த மயிர் பஞ்சாகத் திரண்டு வரும். பற்றுச்சுருள்களும் காட்டிக்கொடுக்கும். ஐரோப்பியத் திராட்சையில் அடுத்தடுத்த இரண்டு கணுக்களில் சுருள் இருந்தால் மூன்றாவது கணு வெறுமையாக இருக்கும். லப்ரஸ்காவிலோ கணுவுக்குக் கணு விடாமல் சுருள் வரும். நான் தெரிந்தெடுத்த கன்றில் சில இடங்களில் மூன்று நான்கு கணுக்கள் தொடர்ந்தும், சில இடங்களில் விட்டும் சுருள்கள் இருந்தன. கலப்பினத்துக்கு அதுவே பொருத்தம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, யாழ்ப்பாணத்தில் பரவலாகப் பயிரிடப்படும் இஸ்ரேல் புளூவிலும் ஒரு கன்றை வாங்கி, இரண்டையும் ஒரே பந்தலின் இரு பக்கங்களிலும் நட்டேன்.

எங்கள் வளவு கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல். கோடையில் ஊற்றிய நீர் நின்று பார்ப்பதற்குள் இறங்கிவிடும்; கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் மேலே ஏறி, ஓர் அகப்பை மணலை அள்ளினாலே குழியில் நீர் ஊறும். ஆகவே இரண்டடிக் கிடங்கு வெட்டி நிரப்பியதோடு நில்லாமல், அதற்கு மேல் முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி அதில்தான் கன்றுகளை வைத்தேன். உக்கிய மாட்டெருவும், இலைக்குப்பையும், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து நெல் வயல் மண் ஏற்றி வந்த உழவு இயந்திரத்தில் மிஞ்சிய களிமண்ணும் மேட்டுக்குள் போயின. தும்புத்தூள் சேர்ப்பவர்கள் அதை நன்னீரில் பலமுறை அலசிவிட்டே சேர்க்க வேண்டும். அதில் உப்பு இருக்கும், திராட்சைக்கு உப்பு ஆகாது. மணலில் ஒரு நன்மையும் உண்டு. 19 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபிலொக்செரா என்ற வேர்ப்பேனால் மணலுக்குள் பெருக முடியாமையால், மணற்பாங்கான தோட்டங்கள் அப்போது தப்பிப் பிழைத்தன. பந்தலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கடற்காற்றில் வெறுங்கம்பி துருப்பிடித்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் உறையிட்ட கம்பியைப் பயன்படுத்தியது ஒன்றே குறிப்பிடத் தக்கது.

கொடி பந்தலை மூடிய பின்னர்தான் உண்மையான வேலை தொடங்கியது. வெப்பநாட்டில் திராட்சை தானாக இலை உதிர்த்து ஓய்வெடுப்பதில்லை. ஓய்வை நாம் கொடுக்க வேண்டும், அதை முடித்து வைப்பதும் நாமே. நீரை நிறுத்துவது முதற்படி, கத்தரிப்பது அடுத்த படி. எப்போது கத்தரிப்பது என்பதை மட்டக்களப்பின் மழையே தீர்மானிக்கிறது. ஐப்பசி தொடக்கம் தை வரை வடகீழ்ப் பருவ மழை. அக்காலத்தில் பூவோ பழமோ கொடியில் இருந்தால் பூசணத்துக்கு இரை. வைகாசிக்குப் பின் கச்சான் வீசத் தொடங்கினால், நிலத்தின் மேலாக வரும் அந்தச் சூடான உலர்காற்றில் பூக்கள் கருகும். கத்தரித்ததிலிருந்து பழம் கனிய ஏறத்தாழ நான்கு மாதம் செல்லும் என்று கணக்கிட்டால், தை கடைசியிலோ மாசித் தொடக்கத்திலோ கத்தரிப்பதுதான் வழி. அப்படிச் செய்தால் பங்குனியில் பூத்து, வைகாசி ஆனியில் பழுக்கும்.

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலோ வேறெங்கோ இருப்பவர்களுக்கு இல்லாத வசதி இங்கேதான் எனக்குக் கிடைத்தது. நீர் பிடித்து வைக்காத மணல் என்று எல்லோரும் குறைசொல்லும் இந்த நிலம், மழை ஓய்ந்ததும் இரண்டு கிழமைக்குள் மேட்டை உலர்த்திவிடுகிறது. உலர்ந்ததும் கொடியின் வளர்ச்சி நிற்கிறது. பிறகு மீந்திருக்கும் இலைகளைக் கையால் உருவி எடுத்துவிட்டு, பென்சில் பருமனுள்ள பழுப்பு நிறக் கொப்புகளை மட்டும் தெரிந்து, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு மொட்டு விட்டு வெட்டுகிறேன். பச்சையாக இருக்கும் கொப்பில் குலை வராது. அடுத்த பருவத்துக்கான பூக்குலையின் கரு அந்த மொட்டுக்குள் முன்னரே உருவாகியிருக்க வேண்டும். அது உருவாவதற்கு, முன்னைய கோடையில் அந்தக் கொப்பு நல்ல வெயில் கண்டிருக்க வேண்டும்.

குளிர்நாட்டு வம்சத்தின் பிடிவாதம் இந்தக் கட்டத்தில்தான் வெளிப்பட்டது. இஸ்ரேல் புளூவில் கத்தரித்து இரண்டு கிழமை கடக்குமுன் பெரும்பாலான மொட்டுகள் வெடித்துத் தளிர் காட்டின. பெங்களூர் புளூவிலோ கொப்பின் நுனியிலிருந்த ஒன்றிரண்டு மொட்டுகள் மட்டும் விழித்து ஓட, கீழே இருந்தவை அசையவேயில்லை. பெருந்தோட்டங்களில் இதற்கு ஹைட்ரஜன் சயனமைட்டு பூசுகிறார்கள். தோலிலும் மூச்சிலும் படக்கூடாத நஞ்சு அது. பிள்ளைகள் விளையாடும் வளவில் அதை எடுக்க எனக்கு மனமில்லை. அதற்குப் பதிலாக உள்ளியை அரைத்துச் சாறுடன் விழுதாகப் பூசிப் பார்த்தேன். உள்ளியின் காரமான கந்தகச் சேர்வைகள் மொட்டின் உறக்கத்தைக் கலைப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெட்டிய அன்றே, நுனி மொட்டை விட்டுவிட்டு, கீழுள்ள மொட்டுகளில் பழைய பல்துலக்கியால் விழுதைத் தடவி, கொப்புகளைக் கம்பியோடு கிடையாக வளைத்தும் கட்டினேன். வளைத்துக் கட்டுவதால் நுனியின் ஆதிக்கம் குறையும். பூசிய கொப்புகளில் பாதிக்கு மேற்பட்ட மொட்டுகள் விழித்தன. பூசாமல் வளைத்து மட்டும் வைத்தவற்றில் அதைவிடக் குறைவு. உள்ளி மணம் நாலைந்து நாள் பந்தலடியில் நின்றது. முன்வீட்டுப் பெரியம்மா, “என்ன மனே, கொடிக்கும் ரசம் வைக்கிறயா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

நோயைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ். மாரி மழையில் இஸ்ரேல் புளூவின் இலைகளில் மேலே எண்ணெய்ப் பொட்டுப் போன்ற மஞ்சளும் கீழே வெள்ளைப் பூசணமுமாக அடிச்சாம்பல் நோய் பரவி, மார்கழிக்குள் பாதிக் கொடி மொட்டையாகிவிட்டது. ஒரே பந்தலில் பக்கத்தில் நின்ற பெங்களூர் புளூவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே பொட்டுகள். அந்தப் பூசணமும் வட அமெரிக்காவில் தோன்றியதுதான். காட்டுத்திராட்சைகள் அதனோடு காலங்காலமாக வாழ்ந்து தாங்கும் சக்தியைப் பெற்றவை. குளிர் தாங்கும் இனத்தை இங்கே வைப்பதன் பயன் இதுவே என்பது என் துணிபு. அதன் குளிர் தாங்கும் ஆற்றலுக்கு மட்டக்களப்பில் வேலையே இல்லை. கூடவே கொண்டுவந்த நோய் தாங்கும் ஆற்றலுக்கு ஆண்டில் நான்கு மாதம் வேலை இருக்கிறது.

இருந்தாலும் மாரிக்கு முன் இரண்டு கொடிகளுக்கும் போர்டோக் கலவை அடிக்கிறேன். வீட்டுத் தேவைக்கு ஒரு லீற்றர் நீருக்கு 10 கிராம் மயில்துத்தமும் 10 கிராம் சுண்ணாம்பும் போதும். துத்தத்தை அரை லீற்றரிலும் சுண்ணாம்பை அரை லீற்றரிலும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, சுண்ணாம்பு நீரைக் கலக்கியபடியே துத்த நீரை மெல்ல ஊற்ற வேண்டும். கடையில் கிடைக்கும் சுண்ணாம்பின் வலு ஒரே சீராக இராது. ஆகவே தீட்டிய கத்தியின் அலகைக் கலவையில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்துப் பார்ப்பேன். அலகில் செம்பு நிறம் படிந்திருந்தால் துத்தம் மிஞ்சி நிற்கிறது, அது இலையைக் கருக்கும். அலகு வெள்ளையாகவே வரும்வரை சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலந்த அன்றே அடித்து முடித்துவிட வேண்டும், மிச்சத்தை வைத்திருந்து பயனில்லை.

ஆவணியில் இலை விளிம்புகள் பழுப்பேறிக் காயத் தொடங்கியபோது முதலில் கச்சானைத்தான் சந்தேகித்தேன். ஆனால் காற்றுப்படாத உட்பக்க இலைகளும், அதிலும் அடியிலுள்ள முதிர்ந்தவை முதலில், அப்படியே காய்ந்தன. அது கிணற்று நீரின் உப்பு. கோடை முற்ற முற்ற எங்கள் பக்கத்துக் கிணறுகளில் நீர் சவர்த்தன்மை கொள்வது எல்லோரும் அறிந்ததே. லப்ரஸ்கா கலந்த இனங்களுக்குக் குளோரைட்டு சற்றும் ஒத்துவராது. இஸ்ரேல் புளூ அந்த ஆவணியை இதைவிட இலகுவாகக் கடந்தது. இப்போது ஆடி தொடக்கம் மழை வரும்வரை பெங்களூர் புளூவுக்குக் குழாய் நீர் மட்டும் விடுகிறேன். மேட்டில் வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பியிருப்பதால் இரண்டு நாளுக்கொருமுறை விட்டாலே போதுமாக இருக்கிறது.

பழத்துக்கு வருவோம். குலைகள் சிறியவை, உள்ளங்கைக்குள் அடங்குபவை. நிறமேறும் காலத்தில் பழைய நுளம்பு வலையைப் பைகளாகத் தைத்து ஒவ்வொரு குலைக்கும் கட்டாவிட்டால், பகலில் அணிலும் கிளியும் இரவில் வௌவாலும் நமக்கு ஒன்றும் விட்டுவைக்கா. பழத்தை இரு விரலால் அழுத்தினால் தோல் தனியே கழன்று, உள்ளிருக்கும் வழுவழுப்பான சதை விதைகளோடு வாய்க்குள் பாயும். மணந்தான் இதன் சிறப்பு. லப்ரஸ்கா வழிவந்த பழங்களின் மணத்தில் பங்குள்ள மெதைல் அந்திரனிலேற்று என்ற சேர்வையைத்தான் கடைத் திராட்சைப் பானங்களுக்கும் இனிப்புகளுக்கும் மணமூட்டப் பயன்படுத்துகிறார்கள் என்பதால், முதன்முதலாகத் தின்றவர்கள் எல்லோருக்கும் இது சோடாவின் நினைவையே கொடுத்தது. குறை என்னவென்றால் ஒரே குலையில் கறுத்த பழத்துக்குப் பக்கத்திலேயே பச்சைப் பழம் நிற்கும். இந்த இனத்துக்கே உரிய அந்தக் குணத்தை, குளிராத நம் இரவுகள் இன்னும் கூட்டிவிடுகின்றன. மேசைப்பழமாக வைத்தால் இஸ்ரேல் புளூதான் வெல்லும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. பெங்களூர் புளூவைப் பச்சைப் பழங்களைக் கிள்ளி அகற்றிவிட்டு, தோலோடு மெல்லிய தீயில் சூடாக்கி வடித்துச் சாறாக்கினால் நிறமும் மணமும் முழுதாக இறங்குகின்றன. ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த அக்காவே அந்தச் சாற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஆனியில் பழம் பறித்ததும் அடுத்த ஆண்டின் கொப்புகளுக்காக இலேசாக ஒருமுறை கத்தரித்திருக்கிறேன். அப்போது வெட்டிய தடிகளில் நான்கு கணுவுள்ள துண்டுகளைப் பைகளில் ஊன்றியதில் பெரும்பாலானவை வேர்விட்டிருக்கின்றன. உப்புக்கு ஈடுகொடுக்கும் டொக்ரிட்ஜ் வேர்த்தண்டில் இதை ஒட்டினால் கிணற்று நீரை ஓரளவேனும் தாங்கும் என்று எதிர்பார்க்கிறேன். மகாராஷ்டிரத் தோட்டங்களில் அந்த வேர்த்தண்டு வழக்கில் உள்ளது. இங்கே அது கிடைக்குமா என்று விவசாயப் போதனாசிரியரிடம் விசாரித்திருக்கிறேன். வருகிற மாசியில், கொடியின் ஒரு கையில் மூன்று மொட்டும் மறுகையில் ஏழு மொட்டும் விட்டு வெட்டி, இரண்டிலும் உள்ளி பூசிப் பார்க்கவிருக்கிறேன்.