கூரையில்லாத தலம்: கிளென்கொலம்கில் யாத்திரை

திருத்தலம் என்றால் கோபுரம், கொடிமரம், தேர், மெழுகுவர்த்திக் கடை என்றே நமக்குப் பழகிவிட்டது. அயர்லாந்தின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் கிளென்கொலம்கில்லில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அங்கே கும்பிட வேண்டியது கல், மண், ஊற்று. அவையும் ஒரே இடத்தில் இல்லை. சுமார் 5 கிலோமீட்டர் சுற்றளவில் ஆட்டு மேய்ச்சல் வயல்களிலும் மலைச்சரிவிலும் 15 நிலைகளாகச் சிதறிக் கிடக்கின்றன. ஜூன் 9, புனித கொலம்கில் திருநாள் அன்று, பக்தர்கள் அந்த 15 நிலைகளையும் வரிசையாகச் சுற்றி ஜெபிக்கிறார்கள். ஊர்க்காரர்கள் இதை 'துரஸ்' என்கிறார்கள். முன்பெல்லாம் வெறுங்காலோடுதான் நடப்பார்களாம். இப்போதும் சிலர் அப்படித்தான் நடக்கிறார்கள்.

டொனிகோல் நகரிலிருந்து கில்லிபெக்ஸ் வரை கடற்கரையை ஒட்டிச் செல்லும் பாதை, மீன்பிடித் துறைமுகத்தின் உப்பு வாடை வீசுகிற பாதை. கேரிக் என்ற சிற்றூரைத் தாண்டியதும் எல்லாம் மாறிவிடுகிறது. மரமே கிடையாது. இரு பக்கமும் பழுப்பு நிறச் சதுப்பு. அந்த மண்ணைச் செங்கல் அளவில் வெட்டி, காயவைத்து அடுக்கியிருக்கிறார்கள். குளிர்காலத்துக்கு அதுதான் விறகு. தெற்கே ஸ்லீவ் லீக் மலை ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்திலிருந்து அட்லாண்டிக்குக்குள் செங்குத்தாக இறங்குகிறது. சாலை ஒரு மேட்டில் ஏறி இறங்கும் இடத்தில்தான் பள்ளத்தாக்கு கண்ணில் படுகிறது. பனியாறு என்றைக்கோ அரைத்துக் குடைந்துவிட்டுப் போன அகன்ற பள்ளம், நடுவே ஒரு சிற்றாறு, மேற்கே கடல். காற்று நிற்பதே இல்லை. ஐரிஷ் மொழி இன்னும் வழங்குகிற ஊர் என்பதால் பெயர்ப்பலகைகளிலும் அதுவே முன்னால் நிற்கிறது.

கொலம்கில் என்பவரைக் கொலம்பா என்று சொன்னால் நம்மவர்களுக்குத் தெரியும். 521-இல் இதே டொனிகோல் மாவட்டத்தில் கார்ட்டன் என்ற இடத்தில் அரச குலத்தில் பிறந்தவர். 563-இல் கடல் கடந்து ஸ்காட்லாந்தின் அயோனா தீவில் மடம் நிறுவியவர். 597-இல் அங்கேயே இறந்தார். இந்தப் பள்ளத்தாக்கில் அவர் கால் பட்டதா என்று கேட்டால் வரலாற்றாசிரியர்கள் உறுதி சொல்லமாட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு அதில் எந்தச் சந்தேகமும் கிடையாது. நானும் அன்று ஊர்க்காரர்கள் பக்கம்தான்.

முதல் நிலையே திகைக்க வைக்கிறது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்த மக்கள், தங்கள் இறந்தவர்களுக்காக எழுப்பிய கல்லறையின் மிச்சம் அது. அதைத்தான் கிறிஸ்தவர்கள் மூன்று முறை வலமாகச் சுற்றி பரலோக மந்திரமும் மங்கள வார்த்தை ஜெபமும் விசுவாசப் பிரமாணமும் சொல்கிறார்கள். முன்னோர் புனிதமாக வைத்திருந்ததை இடித்துத் தள்ளாமல் ஒரு ஜெபத்தைச் சேர்த்துவிட்டு நடந்திருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மற்ற நிலைகள் பலவற்றில் ஆள் உயரத்துக்குச் சிலுவைக் கற்கள் நிற்கின்றன. அவை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. சிலுவை என்று உடனே தெரியாது. வட்டம், சதுரம், பின்னல் கோடு என்று மெல்லிய செதுக்கல். பாசி படர்ந்த இடங்களில் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

என்னோடு நடந்த பாட்டி ஒருவருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ரப்பர் பூட்ஸ், தலையில் கைக்குட்டை, கையில் ஜெபமாலை. ஒவ்வொரு வயலைக் கடக்கும்போதும் திரும்பிப் பார்த்து, "வேலிக்கதவைச் சாத்தினாயா, மகளே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நிலைகள் பலவும் தனியார் வயல்களுக்குள் இருக்கின்றன. ஆடு வெளியே போனால் யாத்திரைக்கே கெட்ட பெயர். பக்தியில் இது முதல் ஒழுங்கு என்பது பாட்டியின் கட்சி.

சரிவில் ஏறினால் இடிந்த சிற்றாலயம் ஒன்று. ஆலயம் என்பதைவிட, இடுப்பளவு கற்சுவர் நான்கு. அதன் மூலையில் புனிதரின் படுக்கை. பட்டுமெத்தை அல்ல, தரையோடு தரையாகப் பதிந்த கல். பக்தர்கள் அதில் படுத்து மூன்று முறை புரள்கிறார்கள். பிறகு கல்லுக்கு அடியில் கைவிட்டு ஒரு சிட்டிகை மண் எடுத்துக்கொள்கிறார்கள், நோய்க்கும் ஆபத்துக்கும் காப்பாக. பாட்டி தன் மண்ணை ஒரு பழைய மாத்திரை டப்பாவில் போட்டு மூடினார். அமெரிக்காவில் இருக்கும் பேரனுக்காம்.

அதற்கும் மேலே புனிதரின் ஊற்று. இந்த யாத்திரையின் நெஞ்சு அதுதான் என்பேன். கீழேயிருந்து ஏறும் ஒவ்வொருவரும் மூன்று கற்களைக் கொண்டுவந்து ஊற்றைச் சுற்றிப் போடவேண்டும். தலைமுறை தலைமுறையாகப் போட்டுப் போட்டு, அது ஒரு குன்றாகவே வளர்ந்துவிட்டது. அந்தக் குவியலுக்கு நடுவே, குனிந்தால் மட்டும் தெரியும் ஆழத்தில், சலனமில்லாத தண்ணீர். அருகில் டம்ளர் வைத்திருக்கிறார்கள். நான் குடித்தேன், பல் கூசுகிற குளிர்ச்சி. கட்டுமானம் என்று பார்த்தால் இந்தப் பள்ளத்தாக்கிலேயே பெரிய ஆலயம் இந்தக் குவியல்தான். சிற்பி கிடையாது, நன்கொடைப் பலகை கிடையாது, வேலையும் முடியவில்லை. உச்சியில் என் கற்களை வைத்தபோது, அவற்றுக்கு அடியில் இருப்பவை பஞ்ச காலத்தில் யாரோ பட்டினி வயிற்றோடு சுமந்தவையாக இருக்கலாம் என்று தோன்றியது.

நாங்கள் அங்கே நின்றபோது கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. பாட்டி கதையை எடுத்தார். அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பேட்ரிக், குரோ பேட்ரிக் மலையிலிருந்து விரட்டிய பசாசுகள் இந்தப் பள்ளத்தாக்கில் வந்து பனியால் மறைத்துக்கொண்டு குடியிருந்தனவாம். கொலம்கில் துரத்த வந்தபோது பனிக்குள்ளிருந்து ஒரு கம்பு பறந்து வந்து அவருடைய உதவியாளரைக் கொன்றது. அவர் அதைத் திருப்பி எறிய, பனி விலகியது. கடைசியில் பசாசுகள் கடலுக்குள் விரட்டப்பட்டு மீன்களாகிவிட்டன. செம்படவர்கள் தெரியாமல் பிடித்துத் தின்றுவிடக் கூடாது என்பதற்காக அவற்றைச் சிவப்பாகவும் ஒற்றைக் கண்ணாகவும் ஆக்கிவிட்டார். 1532-இல் மேனஸ் ஓ'டொனல் தொகுத்த புனிதர் வரலாற்றிலும் இந்தக் கதை இருக்கிறது. பசாசை ஒழித்த கையோடு மீனவர் சாப்பாட்டையும் நினைத்துப் பார்த்த புனிதர்!

இறங்கி வந்தால் துளைக்கல். மேல்பகுதியில் துளையிட்ட சிலுவைத் தூண். கல்லுக்கு முதுகைக் காட்டி, கைகளை விரித்து, உலகம், சரீரம், பசாசு மூன்றையும் விட்டுவிடுகிறேன் என்று மூன்று முறை சொல்ல வேண்டும். ஞானோபதேச வகுப்பில் நெட்டுருப் போட்ட அதே மூன்று சத்துருக்கள். பிறகு துளை வழியே பார்க்க வேண்டும். பாவமில்லாத ஆன்மாவுக்கு மோட்சம் தெரியுமாம். எனக்கு எதிர்மலையும் ஒரு மின்கம்பமும் தெரிந்தன.

சுற்று முடிவது தொடங்கிய இடத்திலேயே, 1828-இல் கட்டப்பட்ட சிற்றாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில். அது கத்தோலிக்க ஆலயம் அல்ல, அயர்லாந்து திருச்சபையைச் சேர்ந்த புரோட்டஸ்டன்ட் ஆலயம். புரோட்டஸ்டன்ட் ஆட்சியாளர்கள் 1704-இல் கொண்டுவந்த சட்டம் ஊற்றுகளுக்கு யாத்திரை போகிற கத்தோலிக்கர்களுக்குப் பத்து ஷில்லிங் அபராதம் விதித்தது. கட்ட முடியாதவர்களுக்குக் கசையடி. அந்தச் சட்டத்தையும் தாண்டி நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்த ஆலய வளாகத்திலேயே நின்று கடைசி ஜெபத்தைச் சொல்கிறார்கள். யாரும் தடுப்பதில்லை.

நடை கிடக்கட்டும், நடப்பதற்கு ஆள் வேண்டுமே. 1951-இல் துணைப் பங்குத்தந்தையாக இங்கே வந்த ஜேம்ஸ் மெக்டயர் கண்டது, இளைஞர்கள் ஊரைவிட்டுப் போய்க்கொண்டே இருந்ததைத்தான். மின்சாரத்துக்காகவும் வேலைக்காகவும் போராடினார், கூட்டுறவுத் தொழில்களைத் தொடங்கினார். 1967-இல் ஊராரே சேர்ந்து கட்டிய கூரைவீட்டு அருங்காட்சியகம் கடற்கரையருகே இருக்கிறது. வெவ்வேறு நூற்றாண்டு வீடுகள், உள்ளே அந்தந்தக் காலத்துச் சாமான்கள். அங்கே தேநீரும் கிடைக்கும். நனைந்த காலுறையோடு போய் உட்கார்ந்தோம். பாட்டி இரண்டாவது கோப்பை கேட்டுவிட்டு, அடுத்த ஆண்டு வந்தால் ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொண்டு வா, இந்தச் செருப்பெல்லாம் இங்கே ஆகாது என்றார்.